ஏழாவது சட்டை

துணியில் ஒரு நூலிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் தையல்காரி, பதினைந்து வயது மகள் கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை கேட்டபோது ஏனென்று கேட்கவில்லை. ஆறு சட்டை தைத்துக் கொடுத்தாள். புது அளவெடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்ட அன்றுதான், மகள் தன்னையே காயப்படுத்திக்கொண்ட தழும்புகளைப் பார்த்தாள்.

"எதுக்கெடுத்தாலும் அத்தை பொண்ணையே காட்டிப் பேசினீங்க. எனக்கு என்னையே பிடிக்காமப் போச்சும்மா."

மறுநாளே மகளை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். வழக்கம்போல் தன் மகளின் மார்க் புராணத்தோடு வந்த நாத்தனாரை, "அண்ணி, அந்தப் பேச்சு வாசலோட நிக்கட்டும்," என்று வெட்டினாள். கணவன் வாயைத் திறந்தான். "உங்களுக்கும் சேர்த்துத்தான்!" என்றாள் அவனிடம்.

இரண்டு வருடம் கழித்து, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே மகள் வந்து கையை நீட்டினாள்.

"அரைக்கை வைம்மா. கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."