கழுவினாலும் போகாத மணம்

கண்காட்சியில், ‘எங்கள் வாவி’ என்று எழுதி, கண்ணாடித் தொட்டியொன்றில் சேறு வைத்திருந்தார்கள். குனிந்து மணந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை; சந்தேகம் தட்டியது. நாவற்குடாவில், மீன்வாடிக்குப் பின்னால், பள்ளிக்கூடம் விட்டதும் கண்டல் மர வேர்களுக்கிடையே நண்டு துரத்தி நாங்கள் முழங்கால்வரை புதைந்த சேறு, கூழ்முட்டையும் உப்பும் கலந்தாற்போல் மணக்கும். கிணற்றடியில் தேங்காய்த் தும்பால் எவ்வளவு தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாலும், அம்மா காலை மணந்து பார்த்தே பிடித்துவிடுவா.

“இது எங்கட வாவிச் சேறில்ல தங்கச்சி. எங்கயோ வாங்கியிருக்கிறீங்க,” என்றேன், அதை வைத்திருந்த பெண்ணிடம்.

“நாவற்குடா மீன்வாடிக்குப் பின்னால நானே அள்ளினன் அக்கா. இப்ப அங்க கண்டலுமில்ல, நண்டுமில்ல.”

நம்பாமல் மறுபடி குனிந்து, அம்மாவைப்போல் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

யாரோ நன்றாகக் கழுவியிருந்தார்கள்.