காற்று ஏற்றிய தண்ணீர்

1. புதன்கிழமைதோறும் தவளக்குப்பம் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எடுப்பேன். பாட்டிலில் ஒரு குமிழிகூட நிற்காமல் விளிம்புவரை நிரப்பி மூடுவேன்.
2. புதுச்சேரி ஆய்வகத்தில் சார் அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுக்குழாயை உள்ளே விடுவார். இருவரும் டீ குடித்துவிட்டு வருவோம்.
3. பிறகு மீட்டரை வைப்பார். எண் குறைந்தால் நீரில் அமிலம் கூடுகிறது என்று பொருள். அது ஒருநாளும் குறைந்ததில்லை.
4. அறிக்கையில் அவர் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படி ஒரு வருடம்.

சார் என் மேலதிகாரி. குரலை உயர்த்தியே பேசாதவர். காற்று எதற்கு என்று முதல் வாரமே கேட்டேன். "தண்ணி ரூம் சூட்டுக்கு வரட்டும்மா" என்றார். வேதியியல் படித்தவள் நான். அந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னதால் போதுமாக இருந்தது.

அந்தத் தண்ணீரில் மீனவப் பெண்கள் குழு ஒன்று ஆளிச் சிப்பி வளர்த்தது. இடத்தைத் தேர்ந்து கொடுத்தவர் சார். குஞ்சுகள் ஓடு தடிக்காமலே செத்தன. மிஞ்சியவை விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கின. தண்ணீர் நன்றாக இருக்கிறது, பராமரிப்புதான் சரியில்லை என்று அறிக்கை போயிற்று. குழுத் தலைவியான அக்கா படகிலிருந்தே என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி நல்லாத்தான் இருக்காமே. அப்ப சிப்பிக்குத்தான் ஓடு கட்ட சோம்பலு போல." படகில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சார் விடுப்பில் போன ஒரு புதன்கிழமை, கரையிலேயே மீட்டரை வைத்தேன். எண் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்ததும் அளந்தேன், அதே எண். காற்றுக்குழாயை விட்டேன். கரைந்திருந்த கரியமில வாயு குமிழிகளோடு வெளியேற, எண் மெல்ல ஏறி வழக்கமான இடத்தில் வந்து நின்றது. காற்றில் மிகும் கரியமில வாயுவைக் கடல் விழுங்க, அது நீரில் அமிலமாகிறது. இங்கே ஊர்க் கழிவு அழுகி வரும் வாயுவும் சேர்கிறது. நீரில் அமிலம் கூடக் கூட, ஓடு கட்டத் தேவையான சத்து சிப்பிக்குக் கிடைப்பதில்லை. முதலில் அடிபடுவது குஞ்சுதான். இதையெல்லாம் கூட்டங்களில் படம் போட்டு விளக்குபவர் சார்.

வந்ததும் கேட்டேன்.

"மீட்டர் காட்டினதத்தானேம்மா எழுதினோம்? எங்க பொய் எழுதினோம்?" குரல் மாறவில்லை. "அந்த எடத்த சிபாரிசு பண்ணது நானு. இப்ப மாத்திச் சொல்ல முடியுமா?"

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கயிற்றிலிருந்து செத்த ஓடுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "அவுரு பண்ணாரு, சரி. கீழ கையெழுத்து போட்டது யாரு?"

இப்போதைய நிலை இது. இரண்டு அளவுகளையும் எழுதி, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக மேலிடத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பராமரிப்பு சரியில்லை என்ற அந்த அறிக்கையால் அக்காவின் குழுவுக்கு இந்த ஆண்டு குஞ்சு கிடையாது. அதே இடத்தில், அதே தண்ணீரில், வேறொரு குழு குஞ்சு விட்டிருக்கிறது.