செஞ்சியில் இரண்டு அஸ்தமனம்

போன வாரம் பேத்தி போனைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இன்னைக்கு சன்செட் ஆறு இருபதுக்காம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செஞ்சியில் ஆறு இருபதுக்குச் சூரியனுக்கு என்ன வேலை? மேற்கே ராஜகிரி நிற்கிறதே. மற்ற ஊர்களில் நல்ல வெயில் இருக்கும்போதே எங்கள் கடைத்தெருவில் நிழல் விழுந்துவிடும். ராஜாக்களும் நவாபுகளும் வெள்ளைக்காரர்களும் அடித்துக்கொண்ட மலை. எங்களுக்கு அது வெயிலை மறைக்கும் கல், அவ்வளவுதான்.

அந்தக் கல்லால் ஒருநாள் எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

அறுபதுகளில் நான் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவலூர்பேட்டையிலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் வண்டி வண்டியாக வரும். ஊருக்கு ரயில் கிடையாது. எல்லாம் லாரியில் திண்டிவனம் போய்த்தான் ரயில் ஏறும். அந்த மணம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

மண்டி முதலாளி மேல்சித்தாமூர் ஜைனர். நயினார் என்போம். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அன்றைக்கு முந்தின நாள் அவருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாத உபவாசம். காலையில் தண்ணீர் குடித்து முடித்திருக்க வேண்டும். ஆனால் விடியும்போதே மேகம் திரண்டுவிட்டது. களத்தில் காய் பரப்பியிருந்தது, நனைந்தால் கறுத்துவிடும். "காய் உள்ள போவட்டும், அப்பறம் குடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேகம் மிரட்டிவிட்டுக் கலைந்தது. சாயங்காலம் நயினார் மூட்டைமேல் சரிந்தார்.

அவருடைய தண்ணீர்க் கூஜாவை எடுத்துக் குடிக்கச் சொன்னேன். அவர் மேற்கே பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது.

"போயிடுச்சி. காலைல பாத்துக்கலாம்."

உதடு வெடித்திருந்தது, கண் செருகியது. காலை வரை தாங்குவாரா? "நயினாரே, அது மறைவுதான், அஸ்தமனம் இல்லை" என்று என் எஸ்.எஸ்.எல்.சி. பூகோளத்தையெல்லாம் கொட்டினேன்.

"கண்ணுக்குத் தெரியாத பொழுது எனக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

லாரி டிரைவர் முனுசாமி கதவைத் திறந்தார். "தெரியிற எடத்துக்குப் போவலாம், ஏத்துங்க."

திண்டிவனம் சாலையில் கிழக்கே பறந்தோம். நிழலும் கூடவே ஓடி வந்தது. குறுக்கே ஒரு மாட்டுவண்டி; முனுசாமி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என் இரண்டு கையிலும் நயினார் துவண்டு கிடந்தார், கூஜா அவர் மடியில். ஊர் தாண்டி, ஏரி தாண்டி, சட்டென்று பக்கக் கண்ணாடியில் வெயில் அடித்தது. பின்னால் மலை சின்னதாகி, அதன் தோளுக்கு மேல் சூரியன் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

லாரியை நிறுத்திய முனுசாமி இந்தப் பக்கம் ஓடி வந்தார். நயினாரைப் பிடித்திருந்த கையை நான் எடுக்க முடியாது. கூஜாவை அவர்தான் எடுத்தார், மூடியைத் திறந்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

முனுசாமிக்கு வீடு சேரியில். அந்தக் கூஜாவை நான்கூடத் தொட்டதில்லை. மண்டியில் அவர் தாகம் என்றால் எட்ட நின்று கையேந்துவார், நாங்கள் தூக்கி ஊற்றுவோம்.

நயினார் கூஜாவைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். பிறகு கைகளைக் குவித்து நீட்டினார்.

"ஊத்துப்பா."

முனுசாமி ஊற்ற ஊற்றக் குடித்தார். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

திரும்பி வரும்போது முனுசாமி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "வூட்ல சொல்லிக்காதீங்க நயினாரே."

நயினார் கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். மல்லாட்டை விளைந்த கொல்லைகளில் வீட்டுமனைக் கற்கள். நயினார் வீட்டில் சொன்னாரா என்று கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. இனிமேல் கேட்கலாம் என்றால், இரண்டு பேருமே இல்லை.