கூலிம் கடையில் வாங்கிய பிரம்பு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மலேசியாவில் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். தொழில் சமையல். கடிதத்தைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. ஆனால் லூனாசிலிருந்து வருகிற கடிதங்களில் எல்லாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகலாமா, பிரான்சில் படிப்பு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

இங்கே பிரான்சில் காலையில் ரொட்டிக் கடைக்கு என் மகள் ரோசலின், எங்கள் ரோசி, என்னோடு வருவாள். காசை இடது கையால் நீட்டுவாள். கடைக்கார அம்மாள் அதை வாங்கிக்கொண்டு, "மெர்சி" என்று நன்றி சொல்லி, நீளமான ரொட்டியை அந்தக் கையிலேயே கொடுப்பாள். நாங்கள் வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இன்னும் அந்த நேரத்தில் எனக்கு உடம்பு கூசுகிறது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லூனாஸ் பசாரில் பலகாரம் விற்கும் மலாய்க்காரப் பெரியவர் அவளுடைய இடது கையிலிருந்து காசு வாங்கமாட்டார். கோபப்படவும் மாட்டார். வலது கையைக் காட்டும்வரை சிரித்துக்கொண்டே காத்திருப்பார். தோட்டப் பள்ளியில் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே வாத்தியார்தான் அவளுக்கும். பென்சில் இடது கைக்குப் போனால் விரல் முட்டியில் பிரம்பு விழும். நானே போய், "சார், கை திரும்புற வரைக்கும் அடிங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கை திரும்பவில்லை. அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். வருடக் கடைசியில் நோட்டுப் புத்தகம் கடையில் வாங்கியது போலவே வெள்ளையாக இருந்தது.

ஆனால் அந்தப் பள்ளியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரே தகரக் கூரையின் கீழ் மூன்று வகுப்புகள். மழை கொட்டினால் பாடம் கேட்காது. உடனே வாத்தியார் எல்லோரையும் பாடச் சொல்வார். மழையை விடச் சத்தமாகப் பாடவேண்டும், அதுதான் போட்டி. புகைக்கூடத்திலிருந்து ரப்பர் வாடை வரும். ரோசிக்குக் காய்ச்சல் கண்டபோது அவளைத் தன் சைக்கிளில் வைத்து, நனைந்துகொண்டே கிளினிக்குக்குக் கொண்டுபோனவரும் அந்த வாத்தியார்தான். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, "காப்பி இருக்காம்மா?" என்று உரிமையோடு கேட்பார்.

நான் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரன். அவர் பிரெஞ்சுக்காரர். ஊர் திரும்பும்போது குடும்பத்தோடு வருகிறாயா என்று கேட்டார். நான் யோசிக்கும் முன்பே என் மனைவி அந்தோணியம்மா, "போவோம்ங்க. இங்கன இருந்தா இது எழுதவே எழுதாது" என்றாள். என் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. லூனாசில் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் அவர். கூலிமில் ஒரு கடைக்குப் போய்ச் சிவப்புப் பிடி போட்ட புதுப் பிரம்பு ஒன்று வாங்கி வந்தார்.

"தம்பி, அங்கெல்லாம் இது கெடைக்காது லா. வாத்தியார் கையில கொடுத்துடு. கிறிஸ்மஸ் வரைக்கும் பாரு. அங்கயும் எழுதலன்னா ரோசிய என்கிட்ட அனுப்பிடு. பீச்சாங்கையால எழுதுற பொண்ண எவன்டா கட்டுவான்?"

நான் சரி என்றேன். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை.

பிரான்சில் முதல் நாள் பள்ளியில் ஆசிரியையை எல்லோரும் மதாம் என்றார்கள். வயதானவர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அடுப்பங்கரை பிரெஞ்சு. உப்பு, வெங்காயம், சூடு. பிரம்பை இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தேன். ரோசியின் இடது கையைத் தூக்கிக் காட்டி, அதில் அடிப்பதுபோல் செய்து காட்டினேன். மதாம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிரம்பை வாங்கி அலமாரி மேல் வைத்தார். ஒப்புக்கொண்டார் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இங்கே படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். மூன்று வயதிலேயே என் சின்ன மகனையும் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் பள்ளிக்கே வந்து கண், காது பார்க்கிறார். எழுதுகிற வீட்டுப்பாடம் கிடையாது, பாட்டு மட்டும் மனப்பாடம். நோட்டுப் புத்தகம் வாரம் ஒருமுறை என் கையெழுத்துக்கு வரும். இரண்டாம் மாதமே அதில் கோடு கோடாக, மை பேனாவில், அச்சடித்தது போன்ற எழுத்து. "பாத்தியா? பிரம்பு வேல செய்யுது" என்றேன். "ஆமா ஆமா, நீங்க சொன்னா சரிதான்" என்று அந்தோணியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை மாலை வரச்சொல்லி மதாம் சீட்டு அனுப்பினார். பள்ளியில் அப்பனைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும். அண்ணனுக்கு என்ன எழுதுவது, விமானச் சீட்டுக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ரோசி மட்டும் இருந்தாள். மதாம் அவளுடைய நோட்டைப் புரட்டிக் காட்டிச் சிரித்தார். பிறகு சுவரில் இருந்த உலகப் படத்தின் பக்கத்திலிருந்து கூலிம் பிரம்பை எடுத்து அவளிடம் நீட்டினார். ரோசி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது கையால் வாங்கினாள். அந்தக் கையின் சுண்டுவிரல் பக்கம் முழுவதும் மை. படத்தில் நம் ஊரைத் தொட்டாள். பிரம்பு நுனியில் எங்கள் கெடா மாநிலம் முழுவதும் மறைந்துவிட்டது.

மதாம் மெதுவாக என்னிடம் ஏதோ கேட்டார். ரோசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா கேக்குறாங்க?"

"இத எதுக்குக் கொண்டாந்தீங்கன்னு கேக்குறாங்கப்பா."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"எங்க ஸ்கூல்ல மேப் காட்டுற குச்சின்னு முன்னாடியே சொல்லிட்டேன். இவங்க நம்பல போல." அவள் குரல் இன்னும் இறங்கியது. "திரும்பவும் அதையே சொல்லிடவாப்பா?"

என்னை மட்டுமல்ல, மழையில் சைக்கிள் மிதித்த அந்த வாத்தியாரையும், தகரக் கூரையையும், ஏழு வயதில் அவள் ஒருத்தியாக மூன்று மாதம் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"வேணாம்மா. அடிக்கறதுக்குன்னு சொல்லு. அப்பாதான் அடிக்கச் சொன்னேன்னு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்து, சின்னதாக ஏதோ சொன்னாள். நான் சொன்ன அளவு நீளமில்லை. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மதாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பிரம்பை என்னிடம் நீட்டி, எடுத்துப் போகிறீர்களா என்பதுபோல் பார்த்தார்.

"இங்கயே இருக்கட்டும்பா," என்றாள் ரோசி. "மேப்புக்கு வேற குச்சி இல்ல."

வீட்டில் சொன்னபோது அந்தோணியம்மா, "எந்தக் கையில மை இருக்குன்னு தெனமும் கழுவி விடுற எனக்குத் தெரியாதா?" என்றாள். அண்ணனுக்கு, ரோசி நன்றாக எழுதுகிறாள், அனுப்பவில்லை என்று எழுதினேன். எந்தக் கை என்று எழுத வரவில்லை. மதாம் நல்லவர், ஆனால் எங்கள் வீடு எந்தத் தெருவில் என்று அவருக்குத் தெரியாது. நாலரைக்குப் பள்ளிக் கதவு மூடினால் மூடினதுதான். காப்பி கேட்டு வருகிற வாத்தியாரும், மை பட்ட அந்தக் கையும் ஒரே ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. இங்கே புதன்கிழமை பள்ளி இல்லை. நானும் ரோசியும் தபால் நிலையம் போய்க் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தோம்.