ஏழாம் நம்பர் மேசையின் கேசட்

அந்தத் தொழிற்சாலையில் பெண்களின் பெயரெல்லாம் வாசலோடு சரி. உள்ளே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மேசை நம்பர்தான் பெயர். அவள் ஆறாம் நம்பர். அப்பா போன மூன்றாம் மாதம், பத்தொன்பது வயதில், அம்மாவையும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கையையும் தலைமேல் போட்டுக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தவள்.

அங்கே செய்தது கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் பெட்டி. முன்வரிசைக்காரர்கள் பூட்டி அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் விளையாட்டு அடங்கிய சின்னச் சதுரச் சோதனைக் கேசட்டைச் செருகி, ஸ்விட்சைப் போட்டு, பொத்தான்கள் அமுங்குகின்றனவா, சத்தம் வருகிறதா, திரையில் கோடு விழுகிறதா என்று பார்த்துத் தள்ளிவிடுவது அவள் வேலை. ஒரு பெட்டிக்கு நாற்பது வினாடி.

அந்தக் கேசட்டுக்குள் இருந்தவன் நல்லவனில்லை. மொட்டைத்தலை, தொந்தி, தோளில் ஒரு மூட்டை. அவன் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. கோட்டையின் நிலவறைக்குள் புகுந்து அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு வருவது ஒன்றுதான் அவன் குறிக்கோள். ஸ்விட்சைப் போட்டதும் வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். வலது பக்கம் நாலடி நடக்கவிட்டு, ஒரு குதி, ஒரு முட்டு. திரையில் ஒரு மரப்பெட்டி உடைந்து காசு கொட்டும். குனியவைத்து, இடது பக்கம் திருப்பினால் சோதனை முடிந்தது. வரிசையிலிருந்த பெண்கள் அவனுக்கு மூட்டைக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கான்டி. தொப்பையும் சரி, புத்தியும் சரி" என்பாள் ஏழாம் நம்பர்.

ஏழாம் நம்பர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பெட்டியைக் கீழே போட்டபோதெல்லாம் திட்டு வாங்காமல் பார்த்துக்கொண்டவள். இவள் அவளை வாய்நிறைய "ஏழக்கா" என்று கூப்பிடுவாள். தங்கையின் பள்ளிக்கூடச் செருப்பு பிய்ந்துபோனபோதுகூட முதலில் சொன்னது ஏழக்காவிடம்தான்.

நாலு வருஷத்தில் மூட்டைக்காரனை அவள் எத்தனை லட்சம் தடவை நடக்கவைத்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது. ஆனால் முதல் சுவரைத் தாண்டி அவன் போய் ஒருநாளும் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற நினைப்பு முதலில் விளையாட்டாகத்தான் வந்தது. போகப்போக அது பல்லில் சிக்கிய நார் மாதிரி ஆகிவிட்டது. வேலை நேரத்தில் ஓரடி கூடுதலாக நடக்கவைத்தாலும் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். கேசட்டைக் கடையில் வாங்க அவள் கையில் வசதியில்லை. பெட்டி மட்டும் வீட்டில் ஒன்று இருந்தது. மூடியில் கீறல் விழுந்து கழித்துப்போட்டதைத் தொழிலாளர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தபோது தங்கைக்காக வாங்கியது. கேசட் இல்லாமல் அது அலமாரியில் சும்மா கிடந்தது.

ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் ஏழக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணெல்லாம் சிவந்து, உதடு வெடித்து, எழுந்து நிற்கவே மேசையைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகச் சொன்னார். போகும்போது இவள் காதருகே குனிந்து, "என் கேசட்டையும் சேர்த்து வச்சிடு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் கேசட்டை அலமாரியில் அவரவர் நம்பர் போட்ட அறையில் வைத்துவிட்டுப் போகவேண்டும். கேசட்டின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும். அவள் தன்னுடையதை வைத்தாள். ஏழாம் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். திங்கள் காலைவரை யாரும் இந்தக் கதவைத் திறக்கப்போவதில்லை, முதல் ஆளாக வந்து வைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றியது. கழிவறைக்குப் போய்க் கொண்டைக்குள் செருகி, மேலே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாசலில் பையைத்தான் கொட்டிப் பார்த்தார்கள். தலையை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப்போல ஒரு நாள் அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு வாய்த்ததில்லை. காலையிலிருந்து அக்காளும் தங்கையும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். முதல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு. கிணற்றுக்குள் படிக்கட்டு. அதற்கும் கீழே வரிசையாகப் பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் காசு.

"கடைசியில யாரைக்கா காப்பாத்தப் போறான்?"

"யாரையும் இல்லடி. எல்லாம் தனக்குத்தான்."

"சுத்த சுயநலம் பிடிச்சவனா இருக்கானே!" என்று தங்கை சிரித்தாள். "எங்கக்கா இது? கம்பெனியில குடுத்தாங்களா?"

"ஆமா" என்றாள் அவள். மூட்டைக்காரன் அப்போது ஒரு பள்ளத்தைத் தாண்டவேண்டியிருந்தது. திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

திங்கள்கிழமை அரைமணி நேரம் முன்னதாகவே போய்விட்டாள். கேசட் கொண்டைக்குள்தான் இருந்தது. ஆனால் அலமாரி திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை திடீரென்று மேலிடத்திலிருந்து வந்து பொருட்களைச் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சூப்பர்வைசர் அறையில் ஏழக்கா நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் முழுதாக விடவில்லை, முகம் வெளிறிக் கிடந்தது. இவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் உயிர் வந்தது.

"இதோ வந்துட்டா. இவகிட்டதான் சார் சொல்லிட்டுப் போனேன். கேளுங்க."

சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார். அம்மாவின் முகமும், தங்கை மறுவருஷம் சேரவேண்டிய டைப்பிங் வகுப்பும், தொப்பிக்கடியில் உச்சந்தலையை அழுத்திக்கொண்டிருந்த அந்தச் சதுரமும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின.

"எனக்குக் கேக்கலையே அக்கா" என்றாள்.

"கேக்கலையா?"

"மிஷின் சத்தத்துல... கேக்கல."

ஏழக்கா அவளையே பார்த்தாள். அது கோபப் பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "சொன்னேனா, இல்ல காய்ச்சல்ல சொன்னதா நினைச்சுக்கிட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற பார்வை அது. கடைசியில் அவளே, "இருக்கும். எனக்கே சரியா நினைவில்ல" என்று சொல்லிவிட்டாள்.

பதினொரு வருஷ வேலை அன்றைக்குப் பத்து மணிக்குள் முடிந்தது. கம்பெனிப் பொருளைத் திருடியதாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதமே வரிசைக்குத் தலைவியாகியிருக்கவேண்டியவள். அந்த இடம் இவளுக்கு வந்தது. இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டு மாதம் அதை மென்று முழுங்கிக்கொண்டே இருந்தாள். கேசட்டை எடுத்துத் தூரப் போடவும் கை வரவில்லை, திரும்பத் தொடவும் மனசு வரவில்லை. தங்கைதான் விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் எந்த மூலையிலிருந்தாவது அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டால் இவள் எழுந்து குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

குட்டு உடைந்தது தங்கையால்தான். டைப்பிங் வகுப்பு நடந்த கட்டடத்தில் மாடிப்படி துடைக்கும் பெண் ஒருத்தி அவளை நிறுத்தி, "நீ ஆறாம் நம்பரோட தங்கச்சிதானே? அக்காவை உரிச்சு வச்ச மாதிரி இருக்க" என்றிருக்கிறாள். தங்கையும் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். ஏழாம் மேசையிலிருந்து அவளுக்கு வேலை போன கதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியிலிருந்து கேசட்டை உருவித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஏழு... அவங்களுதா?"

இவள் எழுந்து குழாயைத் திறக்கப் போனாள்.

"அவங்களை எந்தக் கம்பெனியிலயும் எடுக்க மாட்டேங்கறாங்களாம். திருட்டுன்னு எழுதியிருக்காம். அதைவிட, தனக்கு மூளை கலங்கிப்போச்சோன்னு பயமா இருக்குன்னு சொன்னாங்கக்கா. அடுப்பை அணைச்சோமா, கதவைச் சாத்தினோமான்னு பத்துத் தடவை போய்ப் பாக்கறாங்களாம்."

சொல்லிவிட்டுத் தங்கை கேசட்டைத் தரையில் வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அம்மா ஏன் என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் காலை இவள் நேராக மேனேஜர் அறைக்குப் போய்க் கேசட்டை மேசைமேல் வைத்து, நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னாள். அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சு இப்ப சோதனையே பண்றதில்லையேம்மா. போன மாசமே புதுசு வந்தாச்சு."

"அவங்களைத் திரும்ப எடுத்துக்குங்க சார். என்னை அனுப்பிடுங்க."

"உன்னை அனுப்பறதுல சிரமம் இல்ல. அவங்க இடத்துல ஆள் போட்டாச்சு. என்னால முடிஞ்சது ஒரு கடிதம். தப்பு அவங்க மேல இல்லைன்னு எழுதித் தர்றேன்."

அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அன்று பகலிலேயே ஏழக்காவின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. ஈரத் துணி வாடை. வேலைக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள் ஏழக்கா. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப நான் சொன்னேன்."

"சொன்னீங்க அக்கா."

"உனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

ஏழக்கா கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். "எட்டு மாசமா என்னையே நான் சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன். அது போச்சு. நல்லதுதான். இனிமே உன் மேல கோபப்படணும். அதுக்கும் தெம்பு வேணும்ல." காலில் விழப்போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் வேண்டாம். போயிட்டு வா."

எங்கே வரச்சொல்கிறாள் என்று அவள் கேட்கவில்லை. போய்விட்டாள்.

நாலு மாதத்தில் ஏழக்காவுக்கு ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கடிதத்தைக் காட்டித்தான் கிடைத்ததென்று தங்கை விசாரித்துவந்து சொன்னாள். வேலை போயிருந்த இவளுக்கும் அதற்குள் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. வெந்நீர், சோப்பு, விரிப்பு, தலையணை உறை. தங்கை படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகிப் போனாள். அம்மாவும் போய்ச்சேர்ந்தாள். இவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. அவள் பிடி கொடுக்கவில்லை. சலவைக்கூடத்தில் புதிதாக வருகிற பெண்கள் யாராவது எதையாவது எடுத்துவைக்கச் சொன்னால், அவர்கள் சொன்னதை அவள் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வாங்கி வைப்பாள். காது மந்தம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது வருஷம் போயிற்று. ஒருநாள் காலை சலவைக்கூடத்தின் பின்கதவில் ஒரு வயதான பெண் வந்து நின்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், மூன்றாவது வார்டில் கிடக்கிறார், விரிப்பு நனைந்துவிட்டது, மாற்றுவதற்கு நர்ஸ் யாரும் வரவில்லை. குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா."

ஏழக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஆச்சரியமும் காட்டவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. "இங்கதான் இருக்கியா" என்றாள்.

அவள் அடுக்கிலிருந்து நல்லதாகப் பார்த்து இரண்டு விரிப்புகளை எடுத்துக் கொடுத்தாள். ஏழக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி வைத்தாள். "வேணும்னா நாளைக்கு வர்றேன்."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். பன்னிரண்டு நாள் அப்படி வந்தாள். விரிப்பைத் தவிர வேறு பேச்சில்லை. பதின்மூன்றாம் நாள் காலை, சுருட்டிய பழைய விரிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். அவர் விடியற்காலையில் போய்விட்டார்.

அவள் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, மேற்பார்வைக்காரியிடம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். ஏழக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி வரும்வரை இருவரும் வார்டுக்கு வெளியே இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்ப நச்சரிச்சுப் பேசற மனுஷன்" என்றாள் ஏழக்கா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "எனக்கு வேலை போன அன்னிக்கு மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. நீ எடுத்திருக்க மாட்டேன்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஏழக்கா எழுந்திருக்க முழங்காலை ஊன்றியபோது, கை கொடுப்பதா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். பிறகு கொடுத்தாள். ஏழக்கா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.