கெடாவெட்டில் ராசியான சிறுநீரகம்

மொக்கச்சாமியும் மகள் அருள்மொழியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஏலக்காய் சலித்தது. போடிநாயக்கனூர் ஏலத்துக்குப் போகவேண்டிய காய். அவள் சல்லடையை ஆட்டினாள், அவர் குற்றம் சொன்னார். அந்த வீட்டில் வேலைப் பிரிவினை எப்போதும் அப்படித்தான்.

“மாத்திரை போட்டீங்களாப்பா?”

“அத நிறுத்தி நாளாச்சு ஆத்தா.”

கோழிக்கூட்டை அடைத்தாயிற்று என்பதுபோலச் சொன்னார்.

அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் தம்பி சுருளிவேல். தோட்டத்து வரப்புக்காக இருவரும் பல வருஷம் பேசியதில்லை. வக்கீல்கள் மூலமாகத்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அந்தத் தம்பிதான் அவருக்கு அச்சாகப் பொருந்தித் தொலைத்தார். சிறுநீரகத்தோடு தம்பியின் எலும்பு மஜ்ஜை அணுக்களையும் மருத்துவர்கள் ஏற்றினார்கள். அவை அண்ணன் உடம்பில் தங்கிவிட்டால், அந்த உடம்பு புதுச் சிறுநீரகத்தையும் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும். அதைத் தள்ளிவிடாமலிருக்கப் போடும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம். தங்கினவா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மதுரையில் ரத்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அருள்மொழி இதை வரைந்தே காட்டியிருந்தாள். பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது. ஆய்வகத்திடம் கேட்கவேண்டியதைக் குலசாமியிடம் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

“ராசிங்காபுரம் கோயில்ல கெடா வெட்டி, நானும் அவனும் ஒரே எலையில தின்னாச்சு. ஊரே சாட்சி. ராசியாயிட்டோம். இனி அவன் அணுவுக்கும் எனக்கும் என்ன சண்ட?”

“அணுவுக்கு யாருப்பா கறிச்சோறு போட்டது?”

“படிச்ச புள்ளைக்கு இதெல்லாம் வெளங்காது. சல்லடைய ஆட்டு.”

அவள் மாத்திரையைக் கையில் திணித்தாள். விழுங்கினார். “திங்கக்கெழம ரயிலுக்கு வர்றேன், ரத்தம் குடுக்குறேன், போதுமா?” என்றார். அவள் மதுரைக்குக் கிளம்பியதும் மாத்திரையும் கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை காய் விலை ஏறியது. ரயிலுக்குப் பதில் மலைத் தோட்டத்துக்கு ஜீப் ஏறினார். கால் வீங்கியபோது கெடாக்கறிமேல் பழியைப் போட்டார். தேனிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருந்தது. டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்வதற்குள் இதயமும் நிறுத்திக்கொண்டது.

சாவு வீட்டில் மாலைகளின் விலையைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். சுருளிவேல் மட்டும் அருள்மொழியிடம் வந்தார்.

“ஆத்தா, எங்கிட்டருந்து போனது அண்ணனுக்குள்ள தங்குச்சா, இல்ல வெரட்டிட்டாரா?”

தினமும் யார் யாருடைய ரத்தத்திலோ தங்கிய அணுக்களை எண்ணிச் சொல்கிறவள் அவள்.

“தெரியல சித்தப்பா” என்றாள். “அப்பா ரத்தம் குடுக்க வரவே இல்ல.”