நீள ஹாரன்

எண்பதுகளில் எங்கள் ரப்பர் தோட்ட நிர்வாகம் அந்த லோரியை ஏலத்துக்கு விட்டபோது வாங்க ஒருத்தரும் வரவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் குட்டி லோரி, சேற்றில் சிக்காது. வேறென்ன வேண்டும்? நானும் என் கூட்டாளியும் சேர்ந்து எடுத்தோம். எனக்கு ரவாங் டவுனில் ஃபேக்டரி வேலை, அவன் மெக்கானிக். லீவு கிடைத்தால் காட்டுக்குள் போய் நாள்கணக்கில் தங்க வேண்டும் என்ற கிறுக்கு இரண்டு பேருக்கும் உண்டு.

எங்கள் லயத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்குத் தெரியாதா என்ன? நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது அந்த லோரிதான். அங்கே செத்துப்போனால் பிணத்தைக் கொண்டுவந்ததும் அதுதான். அப்போது செம்மண் ரோட்டு முக்கிலிருந்தே டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வருவார். சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு ஆண்கள் செத்தவர் வீட்டு வாசலில் பிணத்தைக் கிடத்த பெஞ்சைப் போட்டு வைப்பார்கள். அப்பாவும் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து, அப்படித்தான் வந்தார்.

"காட்டுக்குப் போ, எங்க வேணும்னாலும் போ," என்றாள் அம்மா. "அந்தச் சத்தம் மட்டும் என் காதுல விழக் கூடாது. விழுந்தா நான் தாங்க மாட்டேன்யா."

கூட்டாளி குதித்தான். "ஹாரன் இல்லாம எப்படி லா? மரம் ஏத்துற லோரிக்காரன் வளைவுல நம்மள நசுக்கிட்டுப் போயிருவான்!"

"எங்கம்மாவுக்கு நீயா பதில் சொல்லுவே?" என்று நானும் கத்தினேன்.

முணுமுணுத்துக்கொண்டே பழைய ஹாரன் வயரைப் பிடுங்கிவிட்டு, ஓட்டைக் கார் ஒன்றின் ஹாரனைப் பூட்டினான். அது ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஞாயிறு முழுக்க லோரியோடுதான். இன்ஜின் காற்று இழுக்கும் குழாயைக் கூரைவரை உயர்த்தினோம். ஆற்றில் இறங்கினால் தண்ணீர் புகக்கூடாதென்று வயர் முனைகளிலெல்லாம் கிரீஸ் அப்பினான். பிடுங்கிப்போட்ட பழைய ஹாரன் வயருக்கு எதற்கு கிரீஸ் என்று அதை மட்டும் விட்டுவிட்டான். பின்பலகையைக் கழுவுவது என் வேலை. அப்பா படுத்திருந்த இடத்துக்கு வந்தால் கை நின்றுவிடும்.

காட்டுக்குப் போன முதல் தடவை, முதல் ஆற்றிலேயே ஆட்டுக்குட்டி ஹாரன் செத்தது. திரும்பும்போது ஒரு வளைவில் மரலோரி எங்களை உரசிக்கொண்டு போனது. அங்கேயே நிறுத்திப் பழைய ஹாரனையே மாட்டினோம். தோட்டத்துக்குள் நுழையுமுன் பிடுங்கிவிடலாம் என்றான் கூட்டாளி.

சொன்னபடியே செம்மண் ரோட்டு முக்கில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கினான். பானட்டைத் திறப்பதற்குள் ஈர வயர் எங்கேயோ உரச, ஹாரன் தானாகவே அலற ஆரம்பித்தது. சனியன்! அவன் பிடுங்கி எறிவதற்குள் அது நீளமாகக் கத்தி முடித்திருந்தது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. நான் குதித்து இறங்கியதைப் பார்த்து ஆண்கள் தலை குனிந்துகொண்டார்கள். அம்மா வந்து என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு என்னைத் தாண்டி லோரியின் பின்பக்கம் போனாள். அங்கே நீளமாகச் சுருட்டிக் கட்டிய கூடாரம் கிடந்தது.

"மெதுவா எறக்குங்கய்யா," என்றாள். "அவருக்கு முதுகெல்லாம் புண்ணு."

நானும் கூட்டாளியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கூடாரத்தை மெதுவாக இறக்கி, பெஞ்சில் கிடத்தினோம்.